காலையில் போடும் முதல் போத்தல்

மிஸ் இருந்தார். ரத்தம் சோதிப்பது அவர் வேலை. கண்டிக்காரர், சிங்களவர். எங்களோடு தமிழில்தான் பேசுவார்.

கொழும்பிலிருந்து மெஷின் பார்க்க வந்த கம்பெனித் தம்பி இருந்தார். அவருக்கு யாழ்ப்பாணத்துப் பேச்சு.

ஆம்புலன்ஸ் டிரைவர் கதவில் சாய்ந்துகொண்டு இருந்தார். பூண்டுலோயாக்காரர். வாய் சும்மா இருக்காது.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்பிள்ளை இருந்தது. ஊர் கொட்டகலைப் பக்கம். கல்யாணம் ஆகவில்லை.

நான் இருந்தேன். ஆஸ்பத்திரி லேப்பைக் கூட்டித் துடைத்து, ரத்தம் தேய்க்கிற கண்ணாடி கழுவுகிறவள்.

தம்பி மெஷினின் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் துடைப்பத்தோடு நின்றேன். அதற்குள்ளே ஏதாவது பிழை இருக்கவேண்டும் என்று நின்றேன். மெஷினில் பிழை இருந்தால் என் இடம் எனக்கு. இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைக்கு.

என்ன இடம் என்று சொல்லவேண்டும்.

அது ரத்தம் எண்ணுகிற மெஷின். நோயாளியின் ரத்தம் ஊதா மூடி போட்ட சின்னப் போத்தலில் வரும். உறையாமல் இருக்க உள்ளே மருந்து தடவியிருக்கும். போத்தலைக் குலுக்கக் கூடாது. குலுக்கினால் ரத்தம் உடையும். மெதுவாகத் தலைகீழாகப் புரட்டவேண்டும். பிறகு மெஷினின் ஊசிக்குக் கீழே பிடித்தால் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். உள்ளே குடுகுடுவென்று சத்தம் கேட்கும். அப்புறம் எண் அடித்த தாள் துண்டு வெளியே வரும். சிவப்பு இத்தனை, வெள்ளை இத்தனை, எச்.பி. இத்தனை. எச்.பி. என்றால் ரத்தத்தின் பலம். தேயிலைத் தோட்டத்துப் பெண்களுக்கு அந்த ஒன்றுதான் தெரியும். பன்னிரண்டுக்குக் கீழே போனால் கிளினிக்கில் அதைச் சொல்லித்தான் ஏசுவார்கள்.

மெஷின் உண்மை சொல்கிறதா என்று ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன் பார்க்கவேண்டும். அதற்குக் கம்பெனியிலிருந்து ஒரு ரத்தம் வரும். கண்ட்ரோல் என்பார்கள். அதில் எவ்வளவு இருக்கிறது என்று கம்பெனிக்காரனே எழுதி அனுப்பியிருப்பான். மெஷினும் அதையே சொன்னால் சரி. நாட்டில் டொலர் இல்லாமல் போனபோது அது வருவது நின்றது. பிறகும் ஒழுங்காக வரவில்லை.

கடைசிப் போத்தல் காலாவதியாகுமுன் மிஸ் ஒரு வேலை செய்தார். லேப்பில் இருந்த எல்லோரிடமும் ரத்தம் எடுத்து மெஷினில் போட்டுப் பார்த்தார். அவருக்குப் பதினொன்று. எனக்குப் பதிமூன்று.

"தோட்டத்து அக்காவுக்கு என்னைவிட நல்ல ரத்தம்" என்றார்.

மறுநாளும் எடுத்தார். அதே பதிமூன்று. அந்த வாரம் முழுக்க எடுத்தார். அங்கே இங்கே ஒரு புள்ளி அசைந்தது, அவ்வளவுதான்.

"புத்தகத்துல இப்படி இல்ல அக்கா. ஆனா ஒண்ணும் இல்லாததுக்கு இது இருக்கட்டும்."

அப்படித்தான் காலையில் போடும் முதல் போத்தல் என்னுடையது ஆனது. நான் போய் முக்காலியில் உட்காருவேன். மிஸ் கையில் பட்டியைக் கட்டுவார். என் ரத்தம் போகும். பதிமூன்று என்று வந்தால் ஜன்னலைத் திறந்து நோயாளிகளைக் கூப்பிடுவார். ஊசி குத்தினதற்கு எனக்கு ஒரு பால் பைக்கட் தருவார், தன் காசில். டிரைவர் எனக்குக் கண்ட்ரோல் அக்கா என்று பேர் வைத்தார். எங்கள் லயத்து வரிசையில் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரி, "என்னாடி, மெஷினுக்குப் பால் குடுத்துட்டு வந்துட்டியா?" என்பாள். நான் முறைத்துவிட்டுப் போவேன். உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

லேப் வேலை படிக்க வருகிற பிள்ளைகளுக்கும் மிஸ் என் ரத்தத்தைத்தான் கண்ணாடியில் தேய்த்துக் காட்டுவார். நல்ல ரத்தம் இப்படித்தான் இருக்கணும் என்பார். ஒரு நாள் என்னையும் மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். வட்டம் வட்டமாக, நடுவில் வெளுத்து, எல்லாம் ஒரே அளவு. ஒருத்தியே தட்டின ரொட்டி மாதிரி. ஐந்தாம் வகுப்போடு கொழுந்துக் கூடை தூக்கினவள் நான். என்னிடமிருந்து மற்றவர்கள் பார்த்துப் படிக்க ஒன்று இருந்தது என்றால் அதுதான்.

பிறகு குறையத் தொடங்கியது. ஒரு மாதம் பன்னிரண்டரை. அடுத்து பன்னிரண்டு. அப்புறம் பதினொன்றரை.

மிஸ் கேட்டார். "அக்கா, உடம்புக்கு ஏதாவது?"

"வயசாகுது மிஸ். வேற ஒண்ணுமில்ல."

மிஸ் மெஷினைக் கழுவினார். ஊற்றுகிற மருந்தை மாற்றினார். திரும்பவும் பதினொன்றரைதான். நோயாளிகளை வைத்துப் பார்க்கலாம் என்றால் அதுவும் முடியாது. இங்கே வருகிற பெண்கள் எல்லோருக்கும் குறைவுதான். மெஷின் குறைக்கிறதா, ஆளே குறைவா, யாருக்குத் தெரியும்? என் ரத்தம் பொய் சொல்லாது என்று மிஸ் நம்பினார். நானும் நம்பினேன். மெஷினுக்குத் துணி போட்டு மூடினோம். நோயாளிகளின் போத்தல்களைப் பெட்டியில் ஐஸ் வைத்து ஆம்புலன்ஸில் நுவரெலியா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

அந்த வாரம்தான் அந்தப் பிள்ளை வந்தது.

ஓ.எல். பரீட்சை பாஸ். வலைப்பந்து ஆடின உடம்பு. என்னை அக்கா என்றாள். ப்ளீச் எங்கே, வாளி எங்கே என்று நான்தான் காட்டினேன். பத்து நாள் அவள் கையில் துடைப்பம் இருந்தது. அப்புறம் மிஸ் கூப்பிட்டு ரத்தம் தேய்க்கக் காட்டினார். மெஷின் மூடிக் கிடந்ததால் அந்த வேலை கூடிப் போயிருந்தது.

கண்ணாடியின் ஒரு முனையில் ஒரு சொட்டு வைக்கவேண்டும். இன்னொரு கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து, சொட்டைத் தொட்டு, ஒரே இழுப்பாகத் தள்ளவேண்டும். நான் அதைப் பல வருஷமாகப் பார்க்கிறேன். எனக்கு யாரும் தந்ததில்லை. நானும் கேட்டதில்லை. அந்தப் பிள்ளைக்கு மூன்றாவது தடவையே வந்துவிட்டது. முன்னால் தடித்து, பின்னால் மெலிந்து, முனை வளைந்து.

"பாருங்க அக்கா, நாக்கு மாதிரி வந்திருக்கு" என்றார் மிஸ்.

"ம்" என்றேன்.

கண்ணாடிக்கும் தட்டுப்பாடு. பார்த்து முடிந்ததைக் கழுவித் திரும்ப எடுப்போம். அவள் இழுத்ததையும் நான்தான் கழுவினேன். அவளுடையதைக் கழுவும்போது கை கொஞ்சம் பலமாகத்தான் தேய்த்தது.

மிஸ் அவளை நங்கி என்று கூப்பிடுவார், சிங்களத்தில் தங்கச்சி. அவளுக்குச் சிங்களம் தண்ணீர் மாதிரி. இரண்டு பேரும் கண்ணாடிக்குச் சாயம் ஊற்றிக் காயவைத்துக்கொண்டு பேசுவார்கள், சிரிப்பார்கள். எனக்குக் கடைக்குப் போகிற அளவுச் சிங்களம்தான். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியாது. என்னைப் பற்றி இல்லை என்று தெரியும். அதுதான் இன்னும் எரிந்தது.

ஒரு நாள் மிஸ் சொன்னார். "மெஷின் திருத்தினா போட்டுப் பார்க்க ஒரு ரத்தம் வேணும். நங்கியோடதையும் எடுத்து நுவரெலியாவுக்கு அனுப்பி, அங்க எவ்வளவு காட்டுதுன்னு பார்ப்போம். உங்களோடதும் தாங்க. ரெண்டு பேர் இருந்தா நல்லம்."

"எனக்கு வேணாம் மிஸ். அவளோடதே போகட்டும்."

"ஏன் அக்கா?"

"ஒருத்தி இருந்தாப் போதும்தானே."

மிஸ் என்னைப் பார்த்தார். வற்புறுத்தவில்லை. அவளுடையது மட்டும் போனது. பதிமூன்றரை என்று டிரைவர் துண்டைக் கொண்டுவந்தார். வாசலிலேயே, "கண்ட்ரோல் அக்கா, உங்களுக்கு ஒரு கண்ட்ரோல் தங்கச்சி வந்துட்டா" என்று சத்தம் போட்டார். மிஸ் அவளுக்குப் பால் பைக்கட் கொடுத்தார். அதே பைக்கட். அதே பச்சை நிறம்.

அவள் அதைப் பின்கட்டுக்கு எடுத்துவந்தாள்.

"அக்கா, நீங்க குடிங்க. எனக்குப் பால் ஒத்துக்காது."

"எனக்கும் ஒத்துக்காது."

"தெனமும் குடிப்பீங்கன்னு டிரைவர் அண்ணன் சொன்னாரே."

"அவன் கெடக்கான். வாயி."

அவள் அதை ஜன்னலில் வைத்துவிட்டுப் போனாள். சாயந்திரம் வரைக்கும் அங்கேயே இருந்தது. நான் தொடவில்லை. யார் எடுத்தது என்று தெரியாது.

வீட்டில் நான் சாப்பாட்டை மாற்றினேன். கிளினிக்கில் சொல்லிக்கொடுப்பது எனக்கு மனப்பாடம். கீரை, ஈரல், பயறு. சோற்றுக்குப் பின்னால் தேத்தண்ணி குடிக்கக் கூடாது, குடித்தால் சாப்பிட்ட சத்து ஒட்டாது. நான் தேத்தண்ணியை விட்டேன். என் வீட்டுக்காரர் ஃபெக்டரியில் கொழுந்து வாட்டுகிறவர். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"தோட்டத்துல பொறந்தவ தேத்தண்ணி வேணாங்கிறா. தொரை காதுல விழுந்திறப் போவுது, என் சீட்டைக் கிழிச்சிருவாரு."

"நீங்க குடிங்க."

"யாருகூடடி போட்டி?"

"யாருகூடவும் இல்ல."

"அப்ப ஈரல் எதுக்கு? மாச சம்பளம் வந்ததும் வாங்குற சாமான், இப்ப வாரா வாரம் வருது."

தட்டில் இருந்ததைச் சாப்பிட்டேன். எனக்கு ஈரல் பிடிக்காது.

அப்படி இருக்கும்போதுதான் கொழும்பிலிருந்து தம்பி வந்தார்.

வரும்போதே கம்பெனிக் கண்ட்ரோல் கொண்டுவந்திருந்தார். மூடியைத் திரும்ப மாட்டி, மெஷினைக் கழுவ விட்டு, அந்தப் போத்தலைக் கையில் வைத்து உருட்டினார். ஊசிக்குக் கீழே பிடித்தார். துண்டு வந்தது. கம்பெனித் தாளில் இருந்த எண்ணும் மெஷின் சொன்ன எண்ணும் ஒன்று. இன்னொரு தடவை போட்டார். அதுவும் ஒன்று.

"மெசினில ஒரு பிழையும் இல்லை மிஸ். இவ்வளவு நாளும் நல்ல மெசினைத்தான் மூடி வச்சிருக்கிறியள்."

"அப்ப நான் நுவரெலியாவுக்கு ஓடுனது?" என்றார் டிரைவர்.

"காத்து வாங்கத்தான் அண்ணை."

டிரைவர் சிரித்தார். மிஸ் சிரிக்கவில்லை. "நங்கி, கையைக் காட்டு" என்றார்.

முக்காலியில் அவள் உட்கார்ந்தாள். நான் உட்காருகிற முக்காலி. பட்டி கட்டினதும் நரம்பு தடிப்பாக எழும்பியது. என் கையில் மிஸ் தட்டித் தட்டித் தேடுவார். போத்தல் நிறைந்தது. மெஷினில் போட்டார்கள். பதிமூன்றரை. நுவரெலியாவில் சொன்னதும் அதுவே.

"எழுதி ஒட்டுங்கோ மிஸ். இனி இந்தத் தங்கச்சிதான் உங்கட கண்ட்ரோல்" என்றார் தம்பி. அவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் மேல் கோபம் இல்லை.

அந்தப் பிள்ளை பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

நான் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தேன். போய் முக்காலியில் உட்கார்ந்தேன்.

"என்னோடதையும் போடுங்க மிஸ்."

"போடத்தான் போறேன் அக்கா" என்றார் மிஸ். குரல் தணிந்திருந்தது. பட்டியைக் கட்டினார். குனிந்து என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். இதற்கு முன் ஒரு நாளும் அப்படிப் பார்த்ததில்லை.

"மாசத்துக்கு எப்படி?" என்று காதோடு கேட்டார்.

தம்பி காதிலும் அது விழுந்திருக்கவேண்டும். தன் பெட்டியைத் திறந்து ஆணி தேடினார்.

"ரெண்டு தடவை வருது மிஸ். வந்தா நிக்கிறதில்ல."

"எவ்வளவு நாளா?"

"போன தீவாளியிலருந்து."

"ஏன் சொல்லல்ல?"

"லயத்துல எல்லாருக்கும் இருக்கு. இந்த வயசுல வர்றதுன்னு நெனைச்சேன்."

ஊசி போனது. ரத்தம் மெதுவாகத்தான் வந்தது. எனக்கே கண்ணால் தெரிந்தது. அவளுடைய போத்தல் பக்கத்திலேயே ஸ்டாண்டில் இருந்தது. அவளுடையது கருஞ்சிவப்பு. இது அந்த நிறம் இல்லை.

போத்தலைப் புரட்ட மிஸ் அதை அவள் கையில்தான் கொடுத்தார். கூடாது என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அவள் புரட்டினாள். மெதுவாக, நுரை வராமல், சரியாகத்தான் புரட்டினாள். ஒரு தடவையாவது தவறாகப் புரட்டமாட்டாளா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தவறவில்லை. ஊசிக்குக் கீழே பிடித்தவளும் அவள்தான்.

குடுகுடுவென்று சத்தம் கேட்டது. டிரைவர் கதவை விட்டு உள்ளே வந்து நின்றார். மெஷின் துண்டைத் தள்ளியது. மிஸ் கிழித்தெடுத்துப் பார்த்தார். சத்தமாக வாசிக்கவில்லை. என் கையில் தந்தார். எனக்கு எண் வாசிக்கத் தெரியும்.

ஒன்பது புள்ளி நான்கு.