ஃப்ளெக்ஸில் ஜெயித்த தபால்காரம்மா

ட்ரிங், ட்ரிங் என்று இரண்டு தடவை மணியடித்துவிட்டுச் செவந்தி நிற்காமல் போகிறார். வாசலில் எட்டிப் பார்த்தவர் பேசாமல் உள்ளே திரும்பிவிடுகிறார். இரண்டு மணி என்றால் இன்று உங்களுக்குத் தபால் இல்லை என்று அர்த்தம். ஒரே மணியை நீளமாக அடித்தால் இருக்கிறது, வெளியே வாருங்கள். அரிமளத்தைச் சுற்றி ஆறு ஊர்க்காரர்களுக்கு இந்தப் பாஷை அத்துபடி. பதினான்கு வருடமாக அங்கே தபால் கொடுப்பவர் செவந்திதான்.

ஆனால் வழியில் யாராவது கையைத் தூக்கிவிட்டால் கதை வேறு. தலை போகிற அவசரமானாலும் இறங்கி, சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டு, “என்னங்க?” என்று கேட்ட பிறகுதான் மறுவேலை. ஒருவருக்குக் கவரில் விலாசம் எழுதித் தர வேண்டும், இன்னொருவருக்குத் தாலுகா ஆபீஸ் நோட்டீஸைப் படித்துச் சொல்ல வேண்டும். மழை வருமா என்று கேட்பதற்காகவே கைதூக்குகிற ஆட்களும் உண்டு. அதற்கும் ஸ்டாண்டுதான். “கை தூக்குன ஆளத் தாண்டிப் போனா அன்னைக்குச் சோறு எறங்காதுங்க” என்பார். முப்பத்தொன்பது வயது, ஒல்லியான உடம்பு, நின்று பேசும்போதுகூடப் பெடலைப் பின்னால் உருட்டிக்கொண்டே இருக்கும் வலது கால்.

இவர் ட்ரையத்லானுக்குப் போனதற்கு ஒரு பார்சல்தான் காரணம். அரவிந்த்குமார் என்று ஓர் இளைஞர், வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர். அவருக்கு மாதாமாதம் ஏதாவது பார்சல் வந்துகொண்டே இருந்தது. அப்படி என்னதான் வருகிறது என்று ஒருநாள் செவந்தி கேட்டேவிட்டார். அவர் நீச்சல் கண்ணாடியை எடுத்துக் காட்டினார்.

“மொதல்ல ஒன்றரை கிலோமீட்டர் கடல்ல நீந்தணும்க்கா. கரையேறி நாப்பது கிலோமீட்டர் சைக்கிள். எறங்கி உடனே பத்துக் கிலோமீட்டர் ஓட்டம்.”

“கண்மாயில நீந்துறேன், சைக்கிள் மிதிக்கிறேன், தபால் பைய பஸ்சுல ஏத்த ஓடுறேன். இதுக்குப் போயா தம்பி இங்கிலீசுல பேரு வச்சிருக்காங்க?”

அந்த வாரமே அரவிந்த்குமார் போட்டிக்குத் தன் பெயரோடு செவந்தியின் பெயரையும் கொடுத்துவிட்டார். ஐப்பசி மழையில் கண்மாய் நிறைந்ததும் பயிற்சி ஆரம்பமானது. கரைக்குக் கரை நீந்துவார். வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் கணவர் ஆத்மநாதன் துண்டோடு கரையில் உட்கார்ந்து, “ஏறு, போதும். மீனெல்லாம் ஒன்னப் பாத்து ஒதுங்கி வழி விடுது” என்று கேலி செய்வார். விடியற்காலையில் கேன்வாஸ் ஷூவோடு ரோட்டில் ஓடினால் பெரியவர்கள் பதறிப்போய், “என்னம்மா, தந்தியா?” என்றார்கள். தந்தியை நிறுத்திப் பல வருடமாகிறது என்று ஓடிக்கொண்டே எத்தனை பேருக்குத்தான் சொல்வது?

போன வருடம் தை மாதம், கிழக்குக் கடற்கரையில் போட்டி. நீச்சலும் சைக்கிளும் சேர்த்து மூன்றேகால் மணி நேரத்துக்குள் முடிக்காவிட்டால் ஓட விடமாட்டார்கள். எல்லாம் சேர்த்து நாலரை மணி நேரம். கடலில் முடியாவிட்டால் கையைத் தூக்குங்கள், படகு வரும் என்று மைக்கில் சொன்னார்கள். “கை தூக்குறவங்களுக்கு நிக்கிறதுதான் என் வேல. நான் போய்த் தூக்குவேனா?” என்றார் செவந்தி. உப்புத் தண்ணீரைக் குடித்து, துப்பி, ஐம்பத்திரண்டு நிமிடத்தில் கரையேறிவிட்டார். கண்மாயில் நீந்தியவர் முதல் தடவையாகக் கடலில் இறங்கி இப்படி வந்ததை நினைத்தால் இன்றைக்கும் மெய்சிலிர்க்கிறது.

சிக்கல் ரோட்டில்தான் வந்தது. ஊசி மாதிரிச் சைக்கிள்களுக்கு நடுவே கேரியர், ஸ்டாண்டு, மணி சகிதம் செவந்தியின் சைக்கிள். கோட்டைப்பட்டினம் பக்கம் ஊரே ரோட்டோரம் நின்று கைதூக்கி ஆரவாரம் செய்தது. செவந்தி இறங்கினார். ஸ்டாண்டு போட்டார். “என்னங்க?” என்றார். முதலில் கைதூக்கிய இக்பால் என்ற கடைக்காரர் திகைத்துப்போய், “ஒண்ணுமில்லக்கா, சும்மா ஒங்கள உற்சாகப்படுத்துனேன். போங்க, போங்க” என்றார். அடுத்து வாழைப்பழம் நீட்டிய கை. அதற்கடுத்து ஹவ்வா உம்மாள் என்ற மூதாட்டி, கையில் நன்னாரி சர்பத். “குடிச்சிட்டுப் போ புள்ள, மூஞ்சி வாடிக் கெடக்கு.” குடித்தார். குடித்த தம்ளரைக் கழுவியும் கொடுத்தார். இப்படிப் பத்தொன்பது இடத்தில் ஸ்டாண்டு. சைக்கிளை விட்டு இறங்கியபோது மூன்று மணி பத்தொன்பது நிமிடம். ஒரு பெண் வந்து காலில் கட்டியிருந்த நேரப் பட்டையைக் கழற்றிக்கொண்டார். “நாலு நிமிசம் தாண்டிருச்சும்மா.”

அதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பார். சாயந்திரம் ஊர் திரும்பி பஸ்ஸை விட்டு இறங்கினால், எதிரே பத்தடிக்கு எட்டடியில் அவர் முகமே சிரிக்கிறது. ‘ட்ரையத்லான் வென்று ஊருக்குப் பெருமை சேர்த்த எங்கள் அக்கா செவந்தி.’ போட்டி ஞாயிற்றுக்கிழமை. ஃப்ளெக்ஸ் கடைக்கு ஞாயிறு லீவு. அதனால் ஊர்ப் பிள்ளைகள் சனிக்கிழமையே அடித்து வைத்துவிட்டார்கள். வெடி வேறு.

“நான் முடிக்கலங்க. நாலு நிமிசம் லேட்டு” என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிப் பார்த்தார்.

“நாலு நிமிசமெல்லாம் ஒரு லேட்டா? நம்ம பஸ்சு நாப்பது நிமிசம் லேட்டு, அத யாரு கேக்குறா?” என்றது ஊர்.

ஊர் அத்தோடு மறந்துவிட்டது. செவந்தியால் முடியவில்லை. “மேல ஒண்ணு எழுதியிருந்து உள்ள வேற ஒண்ணு இருந்தா அது என்னங்க தபாலு?” என்று ஆத்மநாதனிடம் கேட்டார். பஸ் ஸ்டாப் வழியைத் தவிர்த்து, கண்மாய்க் கரையைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனார். இரண்டு மாதத்தில் ஃப்ளெக்ஸைக் கழற்றினார்கள் என்று நிம்மதிப் பெருமூச்சு விட்டால், அது நேரே காத்தாயி வீட்டு ஆட்டுக்கொட்டகைக் கூரைக்குப் போயிருந்தது. காத்தாயி வீடு செவந்தியின் தபால் வழியில். தினமும் ரோட்டிலிருந்து பார்த்தால் கூரை மேல் அவர் சிரித்துக்கொண்டிருப்பார். ஆடிக் காற்றில் அதன் ஒரு மூலை பிய்த்துக்கொண்டு படபடவென்று அடித்தபோது, இதை அப்படியே தூக்கிக்கொண்டு போய்விடாதா என்று மனதுக்குள் வேண்டிக்கொள்வார். காற்று அந்த உபகாரத்தைச் செய்யவில்லை. காத்தாயி வீட்டுக்குத் தபால் வருவது அபூர்வம். இரண்டு மணியை அடித்துவிட்டு, தலை நிமிராமல் தாண்டிவிடுவார்.

மறுபடியும் பெயர் கொடுத்தார். “ரோட்டுல யாரையும் பாக்காதீங்க, தலையக் குனிஞ்சுக்கிட்டே மிதிங்க” என்றார் அரவிந்த்குமார். ஒரு வாரம் முயன்று பார்த்து, “அது மரியாதயா இல்ல தம்பி” என்று சொல்லிவிட்டார். கேரியரையும் ஸ்டாண்டையும் மட்டும் பட்டறையில் கழற்றி வைத்தார். ஸ்டாண்டு இருந்தால்தானே இறங்கத் தோன்றும்? மணியைக் கழற்ற மனம் வரவில்லை.

இந்தத் தை மாதம் அதே கடல், அதே ரோடு, அதே ஆரவாரம். முதல் கை உயர்ந்ததும் பழக்கத்தில் பிரேக் பிடிக்கப் போனது விரல். பிடிக்கவில்லை. கட்டைவிரல் மணிக்குப் போனது. ட்ரிங், ட்ரிங். தூக்கிய கைக்குப் பதிலும் சொல்லியாயிற்று, நிற்கவும் இல்லை. கோட்டைப்பட்டினம் முழுக்க அந்த மணி கேட்டுக்கொண்டே போனது. சர்பத்தோடு காத்திருந்த ஹவ்வா உம்மாளைப் பார்த்தபோதுதான் மனம் கொஞ்சம் ஆட்டம் கண்டது. அவருக்கு மட்டும் நாலு தடவை மணியடித்தார். மூன்று மணி பன்னிரண்டு நிமிடத்தில் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓட ஆரம்பித்தார். ஆறாவது கிலோமீட்டரில் கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்தது. ரோட்டோரம் உட்கார்ந்து, தானே நீவி விட்டுக்கொண்டு, எழுந்து நொண்டிக்கொண்டே ஓடினார். நாலு மணி இருபத்தேழு நிமிடம். நேரத்துக்குள் முடித்தவர்களில் கடைசி ஆள் செவந்திதான். அந்தக் கடைசி இடத்துக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும்.

ஊர்ப் பிள்ளைகள் இந்தத் தடவையும் ஃப்ளெக்ஸ் அடிக்கக் கிளம்பினார்கள். “வேணாம்ப்பா. அதான் ஏற்கெனவே ஒண்ணு இருக்குல்ல” என்று தடுத்துவிட்டார்.

மறுநாள் திங்கட்கிழமை. கேரியரும் ஸ்டாண்டும் பழையபடி ஏறிவிட்டன, தபால் பையும் ஏறிவிட்டது. காத்தாயி வீடு வந்தது. இரண்டு மணி அடிக்கவில்லை. நீளமாக ஒரு மணியும் அடிக்கவில்லை. செவந்தி சைக்கிளை விட்டு இறங்கி ஸ்டாண்டு போட்டார். ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்த காத்தாயி நிமிர்ந்தார்.

“என்னாத்தா, எனக்கா தபாலு?”

“இல்லத்தா, ஒங்களுக்கு ஒண்ணும் இல்ல” என்றபடி வேலியோரம் கிடந்த கற்களில் கனமான ஒன்றாகப் பார்த்து எடுத்து, எக்கி, கூரையில் படபடத்துக்கொண்டிருந்த ஃப்ளெக்ஸின் அந்த மூலையை இழுத்து மடக்கி, அதன் மேல் வைத்தார்.