பாதிப் புண்ணியம்

மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை எடை போடுகிற தருமன் பௌர்ணமி தவறாமல் மலை சுற்றுவார். ஊரே அவரைக் கையெடுத்துக் கும்பிட்டது. வெறுங்காலோடு சுற்றிவிட்டு விடியற்காலையில் வீடு திரும்பும்போது, காலுக்கு உப்புப் போட்ட வெந்நீர் தயாராக இருக்க வேண்டும். ஆறிப்போயிருந்தால் அண்டா தெருவில் உருளும். சாமியார் சாந்தமெல்லாம் வாசற்படியோடு சரி.

கல்யாணமான புதிதில் அவர் மனைவி சந்திரகலா, "நானும் வரட்டுங்களா?" என்று கேட்டாள்.

"நான் சுத்தினா உனக்குப் பாதிப் புண்ணியம் தானா வந்துடும். நீ சுத்தினா எனக்கு என்ன வரும்? போய் அடுப்பப் பாரு."

அடுப்பைப் பார்த்தாள். ஊதிவிட்டு நிமிரும்போது, சன்னலில் தெரிகிற மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். அவள் சாமி கும்பிட்டது அவ்வளவுதான். பெற்ற மூன்றில் நடுப்பிள்ளை காய்ச்சலில் செத்துப்போனதும் ஒரு பௌர்ணமியன்றுதான். தருமன் அப்போது மலைக்கு அந்தப் பக்கம் அடி அண்ணாமலையில் நடந்துகொண்டிருந்தார்.

எண்பத்திரண்டாம் வருஷம் பஸ்ஸிலிருந்து விழுந்து அவருக்கு இடுப்பு ஒடிந்தது. படுத்த படுக்கையானார். அடுத்த பௌர்ணமிக்கு அவரே சொன்னார்: "எனக்குப் பதிலா நீ போய்ட்டு வா. விட்டுப் போவக் கூடாது."

போனாள். பாதம் கொப்பளித்துத் திரும்பியபோது அடுப்பு அணைந்து கிடந்தது. தானே மூட்டி, தானே வெந்நீர் வைத்து, உப்புப் போட்டுக் கால்களை உள்ளே விட்டாள்.

கட்டிலிலிருந்து குரல் வந்தது. "புண்ணியம் எனக்கு வந்துடும் இல்ல?"

"நான் சுத்தினா உங்களுக்கு என்னங்க வரும்?" என்றாள் சந்திரகலா.

வெந்நீர் ஆறும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.