குறைத்துப் போட்ட பரீட்சை

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அம்மருட்டில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு வரும் நொர்வேஜிய மொழிக் கடிதங்களை ஒன்பது வயதிலிருந்து நான்தான் அப்பாவுக்கு வாசித்துச் சொன்னேன். ஆசிரியர் பயிற்சியைப் பாதியில் விட்டு, ஐஸ் ஹொக்கி அணியொன்றில் சம்பளத்துக்குச் சேர்ந்தபோது ஒப்பந்தத்தையும் நானே வாசித்துக் காட்டினேன்.

நான் தடுப்பாட்டக்காரன். கோல் போடுவது என் வேலையல்ல. எதிரணி அடிக்கும் ரப்பர் வட்டுக்கு முன்னால் உடம்பைக் கொண்டுபோய்ப் போடுவதுதான் வேலை.

ஆட்டப் பருவம் தொடங்குமுன் கணினியில் ஒரு ஞாபகப் பரீட்சை வைப்பார்கள். தலையில் அடிபட்டால் அதையே திரும்பச் செய்யவேண்டும். புள்ளி விழுந்திருந்தால் ஆடவிட மாட்டார்கள். ஆடாதவனின் இடம் அடுத்த கிழமை வேறொருவனுக்குப் போய்விடும். என்னோடு சோடியாக ஆடிய நொர்வேஜியன் சப்பாத்து நாடாவை இறுக்கிக்கொண்டே சொன்னான்: "கெட்டிக்காரனா நடக்காதை. இப்பவே மொக்கனா இருந்தால், அடிபட்ட பிறகும் அதே மொக்கன்தான்." உடைமாற்றும் அறையே சிரித்தது. எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு புள்ளி குறைந்தாலே சாப்பிடாமல் படுத்தவன், அன்று தெரிந்த விடைகளைப் பிழையாக அழுத்தினேன்.

மூன்றாவது குளிர்காலத்தில் எதிரணிக்காரன் ஒருவன் என்னை மைதானத்தைச் சுற்றியுள்ள தடுப்புப் பலகையோடு சேர்த்து மோதினான். இரண்டு நாள் வெளிச்சம் பார்க்க முடியவில்லை. பரீட்சை செய்தேன், இம்முறை உண்மையாக. "வழமைபோலத்தான் இருக்கு," என்றார் வைத்தியர். அந்தக் கிழமையே ஆடினேன். பங்குனிக்குள் இன்னும் இரண்டு தடவை அடிபட்டது.

இப்போது நான்காவது வரியில் எழுத்துகள் அசையத் தொடங்கும். பிறகு குமட்டிச் சத்தி வரும். அணி என்னை விட்டுவிட்டது. ஆசிரியர் பயிற்சிக்குத் திரும்பிப் போய் ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. காப்புறுதி நிறுவனத்திடம் காயத்துக்கான நட்டஈடு கேட்டிருந்தேன். அதற்குப் பதில் சென்ற கிழமை வந்தது.

"வாசி தம்பி, என்னவாம்?" என்றார் அப்பா.

நான்காவது வரியில் நின்றேன்.

"என்னடா, ஹொக்கி விளையாடி, படிச்சதெல்லாம் மறந்துபோச்சோ?"

"சும்மா இருங்கோ, அவனுக்குத் தலையிடி," என்றார் அம்மா.

அறைக்குள் போய்க் கைத்தொலைபேசியைக் கொண்டு வாசிக்க வைத்துக் கேட்டேன். அடிபடுமுன் எடுத்த புள்ளிக்கும் பின் எடுத்த புள்ளிக்கும் வித்தியாசமில்லை. ஆகவே பாதிப்பு நிரூபிக்கப்படவில்லை, நட்டஈடும் இல்லை. அந்த முதல் புள்ளி பொய் என்று எழுதலாம். எழுதினால், ஏமாற்றினேன் என்று என் கையாலேயே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

வெளியே வந்து சொன்னேன்: "மூளையிலை மாற்றம் ஒண்டும் இல்லையாம் அப்பா."

"ஒண்டுமில்லையோ? அப்ப நல்லதுதானே. ஏன் முகத்தைத் தூக்கி வைச்சிருக்கிறாய்?"

"ஓம், நல்லதுதான்."

அவர் நிம்மதியோடு எழுந்துபோய் இன்னொரு உறையைக் கொண்டுவந்தார். அவருடைய முழங்கால் சத்திரசிகிச்சை பற்றி ஆஸ்பத்திரி அனுப்பியது. "அப்ப இதையும் ஒருக்காப் பார்."

"வைச்சிட்டுப் போங்கோ. பிறகு வாசிக்கிறன்."

மேசையில் ஏற்கெனவே பிரிக்காத உறைகள் மூன்று கிடந்தன. அவற்றின் மேல் வைத்துவிட்டுப் போனார்.