பல்லில் வைத்த கல்

நிலவியல் மாணவர்களான நாங்கள் திருப்பதி மலையடிவாரத்தில், சாலைக்காக வெட்டிய பாறைச் சுவரின் அடுக்குகளை அளந்துகொண்டிருந்தோம். ஒவ்வொரு அடுக்குக்கும் தடிமன், நிறம், துகள்களின் அளவு குறிக்க வேண்டும். மென்மையான அடுக்கு வந்தால் ஒரு துணுக்கைக் கடித்துப் பார்ப்பேன். பல்லில் நறநறத்தால் வண்டல், வழுக்கினால் களிமண்.

எதிரே ஓர் ஒல்லியான அம்மாள், ஒவ்வொரு கொய்யாவையும் முந்தானையில் துடைத்துக் கூடையில் அடுக்கி விற்றுக்கொண்டிருந்தார். நான் கடிப்பதைப் பார்த்து எழுந்து வந்தார். தாலியில்லாத என் கழுத்தையும், டேப் பிடித்திருந்த சக மாணவனையும் மாறி மாறிப் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டார்.

“மண்ணு துன்னாதம்மா, புள்ளைக்கு ஆவாது. எத்தினி மாசம்?”

எனக்குக் காது சுட்டது. “அய்யோ, அதெல்லாம் இல்லம்மா. இது என் வேலை. கல்லு எந்த வகைன்னு பல்லுல பாக்கறேன்.”

“சரி சரி. வூட்ல கேட்டாலும் இதையே சொல்லு.”

கூடைக்குப் பக்கத்திலிருந்த டிபன் டப்பாவை எடுத்துவந்து திறந்து புளிச்சோற்றை என் கையில் கொடுத்தார். அவனிடம், “நீ இன்னா பாத்துகினு கீற? போய் தண்ணி எடுத்துகினு வா” என்றார். அவன் ஓடினான்.

மறுத்தால் இன்னும் கலங்குவார் என்று தலை நிமிராமல் சாப்பிட்டேன். டப்பா காலியான பிறகுதான் அது அவருடைய மதியச் சாப்பாடு என்று உறைத்தது. அவர் கடைசிவரை என்னை நம்பவில்லை. ஒரு வார்த்தை கடிந்து சொல்லவும் இல்லை.