வெளியே பெஞ்சுல வந்து உட்கார்ந்த வசந்தா மேடம்

வசந்தா மேடம் இறந்துட்டாங்க. பிரபு சார் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல அவங்க போட்டோ, கீழ நேத்துத் தேதி.

நான் இங்க ஃபேஸ்புக்ல எதுவும் எழுதினதே இல்ல. லைக் போடறதோட சரி...

தாம்பரத்துல ஒரு சமரச மையம். பிரியப்போற புருஷன் பொண்டாட்டியை உட்கார வெச்சுப் பேசுவாங்க. ரெண்டு வருஷம் முன்னாடி எங்க அப்பா அம்மாவுக்குப் பேசினது பிரபு சார். அவருக்கு மேல வசந்தா மேடம். அவங்க பார்க்காம எந்த ஃபைலும் கையெழுத்துக்குப் போகாது.

எங்களுது சீக்கிரமே முடிஞ்சிடுச்சு. நான் அம்மா கூட பெருங்களத்தூர்லயே. எட்டு வயசுத் தங்கச்சி பாப்பா, அப்பா கூட பொழிச்சலூருக்கு. ஆளுக்கு ஒண்ணு. ரெண்டு பேரும் சரின்னுட்டாங்க.

கையெழுத்து அன்னிக்கு மேடம் வெளிய வந்து எங்க பக்கத்துல பெஞ்சுல உட்கார்ந்தாங்க. கூட வந்தவங்ககிட்ட பேசாம அவங்க எதையும் முடிக்க மாட்டாங்களாம்.

அம்மா வேணுமா அப்பா வேணுமான்னு கேட்பாங்கன்னு பயந்தேன். "காலைல என்ன சாப்பிட்டீங்க?"ன்னாங்க.

பாப்பாதான் ஆரம்பிச்சா. "அக்கா உப்புமா கிண்டுச்சு. உப்பே இல்ல. அக்காதான் ஜடை போடும், ஸ்கூல்ல விடும். மிஸ் கூட அக்காவுக்குத்தான் போன் பண்ணுவாங்க."

"அக்கா ஸ்கூலுக்குப் போகலையா?"

"பத்தாவதோட நின்னுடுச்சு. அது போனா என்னை யாரு பார்த்துக்குவா?"

அவ தொடையில கிள்ளினேன். மேடம் பார்த்துட்டு சிரிச்சாங்க.

எழுந்து உள்ள போனாங்க. கதவு சரியா சாத்தல.

"பிரபு, இந்தச் சின்னவளை யாரு வளர்க்கறா?"

"அம்மா, மேடம்."

"அம்மா ஆறு மணிக்கு கம்பெனி வேன் ஏறிடறாங்க. அப்பா திருமுடிவாக்கத்துல ஷிப்ட். ரெண்டும் நீங்க எழுதினதுதான். அந்த நேரமெல்லாம் குழந்தை யாரோட இருக்குன்னு கேட்டீங்களா?"

சார் ஃபைலைப் புரட்டற சத்தம் கேட்டுச்சு.

"வளர்க்கறவ வெளிய உட்கார்ந்திருக்கா. அவகிட்டேர்ந்து பிரிச்சு எழுதியிருக்கீங்க. எல்லாரையும் மறுபடி கூப்பிடுங்க."

அன்னிக்குக் கையெழுத்து ஆகல. "பெத்தது நாங்களா, அவளா?"ன்னு அப்பா கத்தினாரு. இன்னும் மூணு தடவை போனோம்.

பாப்பா என் கூடவே இருக்கா. ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் அப்பாகிட்ட போவோம்.

கடைசி நாள் மேடம் என்னைக் கூப்பிட்டு, "உனக்கு என்ன வேணும்னு இந்த ஃபைல்ல எங்கயும் இல்லம்மா. யோசிச்சு வந்து சொல்லு"ன்னாங்க. தலையாட்டினேன்.

போன மாசம் தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டுல பார்த்தேன். கம்பியைப் பிடிச்சு மெதுவா ஏறிட்டு இருந்தாங்க. கூப்பிடணும்னு இருந்துச்சு... கூச்சம். தூணுக்குப் பின்னாடி நின்னுட்டேன், அவங்க போற வரைக்கும்.

பன்னெண்டாவது பிரைவேட்டா எழுதணும் மேடம். அதான் எனக்கு வேணும்.

போயிட்டு வாங்க.