காலி வீடுகளில் படுத்துப் பார்த்த மரியதாஸ்

அன்று ஞாயிற்றுக்கிழமை. மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்த நான் பொழுது சாயும்வரை எழவில்லை. போன் அடிப்பது கனவிலா வெளியிலா என்று சிறிது நேரம் பிடிபடவில்லை. எடுத்தால் மரியதாஸின் மனைவி ரோஸி. "அண்ணா, மாடி ரூம்ல படுத்துப் பாத்துட்டு வரேன்னு பாயை எடுத்துகினு போனாரு. நாலு மணிக்கு டீ எடுத்துகினு போயி எயுப்பினேன். எயுந்திருக்கலண்ணா." போனைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன். தாஸ் தூங்கப் போனால், கன்னத்தில் பாய்க் கோடு பதிந்த முகத்தோடு சிரித்துக்கொண்டே எழுந்து வருவான். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அது தவறியதில்லை.

'பகல்தூக்கம்' வலைப்பதிவைப் படித்து வந்த உங்களுக்காக, அதே பக்கத்தில் இதை எழுதுகிறேன். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் கடற்கரை வரைக்கும் எந்த வீட்டுக்கு வாடகைக்குப் போகலாம், எங்கே போகக் கூடாது என்று உங்களுக்குச் சொல்லி வந்தவன் அவன். உங்களுக்கு அவர் தாஸ் சார். எனக்கு அவன் தாஸ். இப்போது திடீரென்று 'அவர்' என்று எழுதினால் எங்கேயாவது இருந்து கெக்கெக்கே என்று சிரிப்பான். அதனால் அவன் என்றே எழுதுகிறேன், மன்னிக்க வேண்டும்.

நானும் அவனும் ஓர் அலுவலகத்தில் இரவு வேலை பார்த்தோம். அமெரிக்க மருத்துவர்கள் நோயாளிகளைப் பற்றி வாயால் சொல்லிப் பதிவுசெய்து அனுப்புவதைக் காதில் மாட்டிக் கேட்டுத் தட்டச்சு செய்கிற வேலை. ஊரார் தூங்கும்போது விழித்திருந்து, ஊரார் விழித்திருக்கும்போது தூங்குகிற பிழைப்பு. கரூரிலிருந்து இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கிய எனக்கு வீடு பார்க்கத் துணைக்கு வந்தான். சிங்கப்பெருமாள் கோயிலில் ஒரு வீட்டைத் திறந்து காட்டினார்கள். நான் குழாயைத் திறந்தேன், சன்னலைத் தட்டினேன், சுவரில் ஈரம் இருக்கிறதா என்று தடவினேன். திரும்பிப் பார்த்தால் தாஸ் வண்டியில் கட்டியிருந்த கோரைப்பாயை அவிழ்த்துக் கூடத்தின் நடுவில் விரித்துப் படுத்துவிட்டான்.

"இன்னாங்க பண்றாரு இவரு?" என்று வீட்டுக்காரர் என்னைக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

கண்ணைத் திறக்காமலே தாஸ் சொன்னான்: "கொஞ்சம் கம்முனு இருங்க சார். வூடு பேசட்டும்."

நிஜமாகவே தூங்கிப்போனான். நானும் வீட்டுக்காரரும் வாசற்படியில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருந்தோம். எழுந்து வந்தவன் என்னைத் தனியாகக் கூட்டிப்போய், "மச்சான், இந்த வூடு வோணாம். பின்னால மாவு மில்லு கீது. அவன் மெஷின் போட்டா தரை ஆடுது. நமக்குப் பகல்ல தூக்கம் வராது," என்றான். அவன் பார்த்துக் கொடுத்த வேறொரு வீட்டில் நான் குடியிருந்தேன். என் வாழ்க்கையிலேயே அப்படித் தூங்கியது அங்கேதான்.

வலைப்பதிவு என் யோசனை. அப்போது தமிழில் ஆளாளுக்கு வலைப்பதிவு தொடங்கிக்கொண்டிருந்தார்கள். கவிதை, அரசியல், சண்டை. விளம்பரத்தில் மாதா மாதம் காசு வரும் என்று எங்கோ படித்துவிட்டு நான் ராத்திரி பகலாக மனக்கோட்டை கட்டினேன். விளம்பரம் தரும் நிறுவனத்திடம் கேட்டால், தமிழ்ப் பக்கங்களுக்குத் தர மாட்டோம் என்று பதில் வந்தது. அப்படியானால் வீட்டுக்காரர்களிடம் வாங்குவோம், ஊரில் புரோக்கர்கள் எல்லாம் வாங்குகிறார்களே என்றேன். தாஸ் டீ டம்ளரைக் கீழே வைத்தான். "படிக்கிறவனுக்கு இன்னா கெடைக்கும் மச்சான்? அத்த மொதல்ல சொல்லு. டப்பு பின்னால வரட்டும்." எனக்கு எரிச்சலாக வந்தது. எழுதுவது அவன், பக்கத்தைப் பராமரிப்பது நான் என்று ஆனது. பின்னால் வரவேண்டிய டப்பு வரும் வழியாகவே இல்லை.

ஆனால் அவன் எழுதினான். பேச்சில் இவ்வளவு கரடுமுரடான ஆள், எழுத்தில் எங்கிருந்து அந்த நிதானம் வந்தது என்று தெரியவில்லை. 'ரயிலடிக்குப் பின்னால் உள்ள மாடி வீடு. ரயில் போவது கேட்கிறது, ஆனால் நம்மை எழுப்புவதற்காகப் போகவில்லை. மூன்று மணிக்கு வேப்பமர நிழல் தரையில் வந்து படுக்கிறது. அதன் பக்கத்தில் நீங்களும் படுக்கலாம். தண்ணீர் உப்பு. பருப்பு வேகாது.' கடைசி இரண்டு வரிகளுக்காகத்தான் நீங்கள் வந்தீர்கள் என்று நான் கிண்டல் செய்வேன். முதல் நான்கு வரிகளுக்காகவும் வந்தீர்கள் என்று இப்போது தோன்றுகிறது.

திருநெல்வேலியிலிருந்து கோமதி என்கிற பெண் எழுதியபோதுதான் முதல் வருமானம் வந்தது. தொழிற்பூங்காவில் வேலை கிடைத்திருக்கிறது, வந்து வீடு பார்க்க விடுப்பு இல்லை, எனக்காக ஒரு வீட்டில் படுத்துப் பார்த்துச் சொல்வீர்களா, கட்டணம் தருகிறேன் என்று கேட்டிருந்தார். தாஸ் கூச்சப்பட்டான். ரோஸிதான் அதட்டினார்: "வாங்கிக்கோய்யா. வெயில்ல அலையறதுக்குப் பெட்ரோல் யாரு போடுவா?" அதிலிருந்து அதுவே தொழிலானது. எழுதுவது எல்லோருக்கும் இலவசம். தனக்கென்று ஒரு வீட்டைப் பார்த்துச் சொல்லக் கேட்பவர் மட்டும் காசு தருவார். வீட்டுக்காரரிடம் ஒரு டீகூட வாங்கிக் குடிக்க மாட்டான். தூங்கிச் சம்பாதிக்கிற ஒரே ஆள் உலகத்தில் நீதானடா என்பேன். "நான் தூங்கறதுக்கா குடுக்கறாங்க? அவுங்க தூங்கணும்னு குடுக்கறாங்க," என்பான்.

மாமல்லபுரத்துக்கு ஒருமுறை என்னையும் அழைத்துப் போனான். கல்பாக்கத்தில் வேலை பார்க்கும் ஒருவர் கடலோரத்தில் வீடு தேடிக்கொண்டிருந்தார். சவுக்குத் தோப்பைத் தாண்டி, மணலில் கால் புதைய நடந்தால் தனியாக ஒரு வீடு. எல்லாச் சன்னலும் திறந்திருந்தது. தாஸ் படுத்தான். வழக்கம்போல நான் வாசலில் உட்கார்ந்தேன். தூரத்துக் கல்பட்டறையில் உளிச் சத்தம், அதற்கடியில் அலை, அதற்கும் அடியில் சவுக்குக் காற்று. வெயில் சாய்ந்து மணல் நிறம் மாறியது. படகுகள் கரையேறின. அவன் எழவே இல்லை. கடைசியில் எழுந்து, எங்கே இருக்கிறோம் என்று தெரியாத முகத்தோடு, "மச்சான், எங்கப்பா கனவுல வந்தாரு. சொந்த வூட்டு வாசல்ல உக்காந்துகினு நாஸ்தா துன்னுகினு இருந்தாரு," என்றான். அவனுடைய அப்பா மதுராந்தகம் பக்கத்தில் பிறர் வயலில் கூலி வேலை செய்தவர். பிறருடைய மனையில் குடிசை போட்டு, அங்கேயே காலமானவர். அன்று எழுதிய பதிவில் கனவைப் பற்றி ஒன்றும் இல்லை. 'தூங்க நல்ல வீடு. உப்புக் காற்று பீரோவைத் தின்றுவிடும்' என்று முடித்திருந்தான்.

சில பதிவுகளின் அடியில் 'ஓனர் கேள்வி கேட்பார்' என்று ஒரு வரி இருக்கும். புரிந்துகொள்ள வேண்டியவர்கள் புரிந்துகொண்டீர்கள். புரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தாஸும் ரோஸியும் குடியிருந்த வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். செங்கல்பட்டில் ஒரு வீட்டுக்காரர் போனில் சரி என்றார். நான் வண்டியோடு தெருவில் நின்றேன். நேரில் பார்த்ததும் அந்த மனிதர், "நீங்க எந்தப் பக்கம்? உங்க ஆளுங்க யாருனா இந்தத் தெருவுல இருக்காங்களா?" என்று கேட்டார். அப்புறம் ரோஸியின் கழுத்திலிருந்த சிலுவையைப் பார்த்தார். அப்புறம், வீட்டை உறவினர் ஒருவருக்குத் தருவதாகச் சொல்லிவிட்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது அவருக்கு. எனக்கு அந்த ஆளை நாலு அறை விட வேண்டும் போலிருந்தது. தாஸ் விரிக்காத பாயை மறுபடி வண்டியில் கட்டினான். எத்தனையோ பேருக்கு வீடு பார்த்துக் கொடுத்தவனுக்கு ஒரு வீடு கிடைக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு ரியல் எஸ்டேட்காரர் வந்தார். பெயர் வேண்டாம். ஊருக்கு வெளியே ஒரு புது நகர் போட்டு, வரிசையாக வீடு கட்டி விற்றுக்கொண்டிருந்தார். "தாஸு, கார்னர் வூடு உனுக்குத்தான். அட்வான்ஸ் வோணாம், முடியறப்போ மெதுவாக் கட்டு. அங்க உன்ன ஒருத்தனும் ஒரு கேள்வி கேக்க மாட்டான். நீ பிளாக்ல நல்லதா நாலு வார்த்தை எயுதிப் போடு, போதும்." ரோஸி போய்ப் பார்த்துவிட்டு வந்து, தன் தையல் மெஷினை எந்தச் சன்னலோரம் போடுவது என்றுகூட முடிவு செய்துவிட்டார். நானும் எழுது என்றுதான் சொன்னேன். அதே வாரம் கோமதியிடமிருந்து கடிதம். கல்யாணமாகி, கணவனும் மனைவியும் சேர்த்த பணத்தில் அதே நகரில் ஒரு வீடு வாங்கப் பார்க்கிறார்கள். 'நீங்கள் படுத்துப் பார்த்துச் சொன்னால் போதும் சார், கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடுவோம்.'

கோடை மழை ஒன்று கொட்டி ஓய்ந்த மதியம். கார்னர் வீட்டுக் கூடத்தில் தாஸ் பாயை விரித்தான். புதுச் சுண்ணாம்பு வாசனை. மழைக்குப் பிந்தைய வெளிச்சம் வீடு முழுக்க மஞ்சளாக நின்றது. எனக்கே அங்கு குடிவந்துவிடலாம் போலிருந்தது. அவன் கண்ணை மூடினான், ஆனால் தூங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டான். "இங்க வந்து காதை வை." பக்கத்தில் படுத்தேன். தவளைகள். ஒன்றிரண்டு இல்லை. பின்சுவருக்கு அப்பால், சாலைக்கு அப்பால், நாலா பக்கமும், மண்ணுக்குள் இருந்து கிளம்பி வந்தவை போலக் கத்திக்கொண்டிருந்தன. "ஏரி மச்சான். ஏரியத் தூத்து வூடு கட்டிக்கிறான். அதுங்களுக்கு இன்னும் யாரும் சொல்லல." சிரித்தான். கண் ஓரத்தில் தண்ணீர் இறங்கிப் பாயில் விழுந்தது. நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

'வீடு அழகு. வெளிச்சம் அழகு. ஒரு மழைக்கே நாலு பக்கமும் தவளை கத்துகிறது. இந்த வீட்டை எனக்கே தருவதாகச் சொன்னார்கள். நான் குடிபோகவில்லை.' அவ்வளவுதான் பதிவு. அதை ஏற்றும்போது எனக்குக் கை வரவில்லை, அவன்தான் மவுஸை வாங்கி அழுத்தினான். ரோஸி அவனோடு பேசுவதை நிறுத்தினார். பேசியபோது கேட்டது இதுதான்: "ஊருக்கெல்லாம் வூடு பாத்துக் குடுக்கற. நமக்குன்னா மட்டும் தவளை கத்துதா?" ஐப்பசியில் அந்த நகருக்குள் தண்ணீர் வந்தது. தாஸ் அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. அங்கே மாட்டிக்கொண்டவர்களுக்கு மேட்டுப்பக்கம் வீடு தேடிக் காசு வாங்காமல் அலைந்தான்.

அந்தப் பதிவுக்குப் பிறகுதான் நீங்கள் நிறைய வந்தீர்கள். வெளிநாட்டிலிருந்துகூடக் காசு அனுப்பி, ஊரில் அப்பா அம்மாவுக்கு வீடு பார்க்கச் சொன்னீர்கள். அந்த நகரில் வாங்காமல் தப்பித்த கோமதிதான் எழுதினார்: 'சார், கருங்குழியில் என்னோடு வேலை பார்க்கிறவரின் அப்பா ஒரு மனை விற்கிறார். நான் பேசிவிட்டேன். அவர் எதுவும் கேட்க மாட்டார்.' பெரியவர் எதுவும் கேட்கவில்லை. ரோஸியின் நகையிலும் வங்கிக் கடனிலும் கீழ் வீடு எழுந்தது. மாடி அறை முழுக்க உங்கள் காசு. கூரை போட்ட அன்று தாஸ் மேலே நின்றுகொண்டு, "பதிவு எயுதிக் கட்டின ரூமு மச்சான் இது, காத்தப் பாரு," என்று கத்தியது ஜி.எஸ்.டி. ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். அந்த அறையை வாடகைக்கு விட்டான். கடைசியாக இருந்தவர்கள் போன வாரம் காலி செய்தார்கள். யாருடைய வீட்டைப் பற்றியும் படுக்காமல் எழுதாதவன், தன் வீட்டைப் பற்றி எழுதவும் பாயோடு மேலே ஏறினான்.

அடக்கம் முடிந்து உறவினர்கள் கிளம்பிய பிறகு ரோஸி என்னிடம் சாவியைக் கொடுத்தார். "அந்தப் பதிவ நீங்க எயுதுங்கண்ணா. சொம்மா எயுதாதீங்க. படுத்துப் பாத்துட்டு எயுதுங்க."

பாய் விரித்தபடியே கிடந்தது. இத்தனை வருஷமும் வாசலில் உட்கார்ந்தே பழகிய நான் அவன் படுத்த இடத்தில் படுத்தேன். பயமாகத்தான் இருந்தது. பிறகு காற்று வந்தது. எப்போது தூங்கினேன் என்று தெரியாது. அந்தப் பாயை ரோஸியிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அது ஒன்றுதான். இனி 'பகல்தூக்கம்' தொடர்ந்தால் அந்தப் பாயோடுதான் தொடரும்.

வாடகைக்கு: கருங்குழி, மாடி, ஒரு அறை. தண்ணீர் நல்லது, பருப்பு வேகும். ஜி.எஸ்.டி. ரோட்டு லாரிகள் தூரத்தில் கேட்கும், கேட்டுக்கொண்டே தூங்கலாம். மழைக்குத் தவளை கத்தாது. மூன்று மணிக்கு மேல் கீழேயிருந்து தையல் மெஷின் ஓடும் சத்தம் வரும். நடுவில் நின்றுபோனால் பொறுத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் மறுபடி ஓடும். ஓனர் அம்மா உங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்பார்: "படுத்துப் பாத்தீங்களா?"