ஒரு காருக்கு எட்டு டயர்

“உங்கள் டயர்களை எங்கே தங்க வைக்கப் போகிறீர்கள்? எங்கள் ஹோட்டலில் இடம் இருக்கிறது” என்று அந்த விற்பனையாளர் கேட்டபோது, என் ஜெர்மன் மொழியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். கார் எடுக்க வருகிறவர்களை இங்கே ஹோட்டலில் தங்க வைப்பார்கள் போலிருக்கிறது, நல்ல மரியாதைதான் என்று எண்ணிக்கொண்டு, எங்கள் வீடு இருபது நிமிட தூரத்தில்தான் இருக்கிறது, ஹோட்டல் வேண்டாம் என்று பணிவாகச் சொன்னேன். அவர் என்னையும் என் கணவர் சேகரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, ஹோட்டல் உங்களுக்கு இல்லை, டயர்களுக்கு என்று நிதானமாக விளக்கினார். இந்த நாட்டில் ஒரு காருக்கு எட்டு டயர். கோடைக்கு நான்கு, குளிருக்கு நான்கு. நான்கு ஓடிக்கொண்டிருக்கும்போது மற்ற நான்கும் கடைக்குப் பின்னால் உள்ள ஒரு கூடத்தில், பெயர்ச்சீட்டு ஒட்டி, அடுக்கில் உறங்கும். அந்தக் கூடத்துக்குத்தான் டயர் ஹோட்டல் என்று பெயர். குளிர் டயரை அக்டோபரில் மாட்டி ஈஸ்டரில் கழற்றுவது இங்கே வீட்டுக்கு வீடு பழக்கம்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் சிரிப்பீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி எங்கோ போய்த் தைத்தது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

நான் தெற்கு ஜெர்மனியில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். சொந்த ஊர் குன்னம் பக்கம். இங்கே வந்து ஏழு வருஷம் ஆகிறது. பாஸ்போர்ட்டில் என் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் இருப்பதால், இங்கே எல்லோருக்கும் நான் “ஃப்ராவ் ராமசாமி”, அதாவது திருமதி ராமசாமி. பருத்திக் காட்டிலும் வெங்காயக் காட்டிலும் கூலி வேலை பார்த்த என் அப்பாவை, அவர் உயிரோடு இருந்தவரை, காட்டுக்காரர்கள் யாரும் “ங்க” போட்டுக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அந்த ஷோரூமில் கோட்டு சூட்டுப் போட்ட ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, “உட்காருங்கள், திருமதி ராமசாமி, காபியா, தண்ணீரா?” என்று கேட்டபோது முதுகு தானாக நிமிர்ந்தது. அப்பாவும் கூட வந்து உட்கார்ந்தது போலிருந்தது.

சேகருக்கு உயரமான, கனமான வண்டிதான் வேண்டும். அரிசி மூட்டை வைக்கலாம், விருந்தாளி வந்தால் உட்காரலாம் என்பது அவர் கணக்கு. எனக்கு ஸ்போர்ட்ஸ் செடான். தரையை ஒட்டி, மூக்கை நீட்டிக்கொண்டு, நின்றிருக்கும்போதே ஓடுவது போலத் தெரிகிற வண்டி. திருச்சியில் நர்சிங் படித்த காலத்தில், ஞாயிறு சாயங்காலம் ஹாஸ்டலுக்குத் திரும்ப பெரம்பலூர் பைபாஸில் பஸ்ஸுக்காக நிற்பேன். சென்னைப் பக்கமிருந்து அப்படியொரு வண்டி வந்தால், வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. என் துப்பட்டா மட்டும் திருச்சிப் பக்கம் பறக்கும். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தால் கைக்கு எப்படி இருக்கும் என்றுதான் யோசித்தேன்.

ஆகவே மார்ச் மாதம் முழுக்க, வேலை முடிந்து வந்ததும் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்துவிடுவேன். கான்ஃபிகுரேட்டர் என்று ஒன்று. நம் காரை நாமே திரையில் கட்டலாம். நிறத்தை மாற்றினால் வண்டி திரையில் புதுச்சட்டை போட்டுக்கொண்டு திரும்பி நிற்கும். நீலம் போட்டேன், சிவப்பு போட்டேன், மறுபடி நீலம். சீட் பெல்ட் சிவப்பு. ஸ்டியரிங்குக்குச் சூடு. கூரையில் கண்ணாடி. டிரெய்லர் இழுக்கும் கொக்கி வேண்டுமா என்று ஒரு பக்கம் கேட்டது. எங்கள் ஊரில் டிராக்டருக்குப் பின்னால் பார்த்த கொக்கி, இங்கே ஸ்போர்ட்ஸ் காருக்கு விருப்பப் பொருள். கோழிக்குழம்பு அடிப்பிடித்தது கூடத் தெரியாமல் சக்கரங்களை மாற்றிக்கொண்டிருந்தேன் என்று சேகர் இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறார்.

மார்ச் கடைசிச் சனிக்கிழமை டெஸ்ட் டிரைவ். நெடுஞ்சாலையில் ஏறும் வளைவில் மிதித்தேன். முதுகு சீட்டில் அழுந்தியது. வயிற்றுக்குள் ஊஞ்சல் ஒன்று மேலே போய்க் கீழே வராமல் நின்றது. பக்கத்தில் விற்பனையாளர், பின்னால் சேகர். இரண்டு பேரும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஜனவரிக்குப் பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்து நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஜனவரியில் நடந்தது இது. பழைய சின்னக் கார். எல்லாப் பருவத்துக்கும் ஒரே டயர் என்று சொல்லி விற்றார்கள். வாங்கும்போதே பாதி தேய்ந்திருந்தது. காலை டியூட்டிக்குப் போகும்போது, ஆற்றுப் பாலம் தாண்டிய வளைவில், ரோடு வெறும் ஈரமாகத்தான் தெரிந்தது. அது ஈரமில்லை. கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டி. இங்கே “கிளாட்டைஸ்” என்பார்கள். ஸ்டியரிங்கைத் திருப்பினேன், வண்டி திரும்பவில்லை. பிரேக்கை மிதித்தேன், நிற்கவில்லை. சத்தமே இல்லாமல் வழுக்கிப் போய் ஒரு வயலுக்குள் இறங்கி, வேலிக்கம்பத்தில் மோதி நின்றது. எனக்கு ஒரு கீறலும் இல்லை. வண்டி குப்பைக்குப் போனது. அதற்குப் பிறகு இரண்டு மாதம் பஸ்ஸில்தான் போனேன். ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. முக்கியமாக அண்ணனுக்கு.

என் அண்ணன் இளங்கோ அரியலூரில் சிமெண்ட் லாரி ஓட்டுகிறது. எங்கள் பக்கம் அண்ணனைப் பிரியமாக ‘அது’ என்றுதான் சொல்வோம். இப்போது சொந்த லாரி. அப்போது இன்னொருவரிடம் டிரைவராக இருந்தது, சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு ஃபேக்டரிக்கும் சுரங்கத்துக்கும் நடை. முன் டயரில் பட்டன், அதாவது மேலே இருக்கும் வரிப்பள்ளம், சுத்தமாகத் தேய்ந்துவிட்டது என்று ஓனரிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறது. அடுத்த மாதம் பார்க்கலாம் என்றாராம். அடுத்த வாரமே லோடோடு வரும்போது டயர் வெடித்து, லாரி மக்காச்சோளக் காட்டுக்குள் பாய்ந்து, அண்ணனுக்குத் தொடை எலும்பு முறிந்தது. அப்போது எனக்குத் திருச்சியில் பரீட்சை. அவளுக்குச் சொல்லக் கூடாது என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. பரீட்சை முடிந்து பை நிறையத் துணியோடு வீட்டுக்கு வந்தேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு நர்ஸாகப் போகிறவளிடம் இதை மறைத்துவிட்டார்களே என்ற கோபத்தில், அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாப் பணிவிடையும் செய்தேன், ஆனால் ஒரு வாரம் அதனிடம் பேசவில்லை.

டெஸ்ட் டிரைவ் முடிந்து ஆர்டர் எழுதும் மேசைக்கு வந்தோம். நாங்கள் வகுத்திருந்த பண எல்லைக்குள் ஒன்று வைத்தால் ஒன்று எடுக்க வேண்டும். ஒரு பக்கம், பத்தொன்பது அங்குலச் சக்கரமும் கண்ணாடிக் கூரையும் சேர்ந்த ஸ்போர்ட்ஸ் பேக்கேஜ். மறு பக்கம், குளிர்காலத்துக்கு முழுசாக இன்னொரு செட் சக்கரம். முதல் குளிருக்கு எல்லாப் பருவ டயரே போதும், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று என் வாய் சொல்லிவிட்டது. அந்தப் பத்தொன்பது அங்குலம் காட்சிக்கு நின்ற காரில் மின்னிக்கொண்டிருந்தது. பின் சக்கரம் முன் சக்கரத்தைவிட அகலம். பார்க்க, குதிக்கப் போகிற பூனையின் பின்னங்கால் மாதிரி.

ஸ்டெப்னி எங்கே இருக்கிறது என்று விற்பனையாளரிடம் கேட்டேன். அவர் முகம் மலர்ந்து, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். பொன்னிறக் கூந்தலோடு ஒரு பெண் எழுந்து வந்து எனக்குக் கை கொடுத்தாள். ஸ்டெஃபானி. கணக்குப் பிரிவில் வேலை. நான் டிக்கியைத் திறந்து, கையால் வட்டம் போட்டு, ஐந்தாவது சக்கரம் என்று விளக்கிய பிறகு மூன்று பேருமாகச் சிரித்தோம். ஐந்தாவது சக்கரமே கிடையாதாம். பஞ்சரை அடைக்க ஒரு பாட்டில் பசையும் ஒரு குட்டிப் பம்பும்தான் இருந்தன.

இதை அண்ணனுக்குக் காட்டாமல் இருக்க முடியவில்லை. அங்கேயே வீடியோ காலில் கூப்பிட்டேன். ஃபேக்டரி வாசலில் லாரி வரிசையில் நின்றிருந்தது. முகத்தில் வெயில். பாட்டிலைக் காட்டினதும் லாரி கேபினே குலுங்கச் சிரித்து, பக்கத்து லாரிக்காரருக்கும் கூப்பிட்டுச் சொன்னது. நிறம், சீட் பெல்ட், எல்லாவற்றையும் காட்டினேன். கடைசியில் சக்கரம். அண்ணன் சிரிப்பு நின்றுவிட்டது. போனைக் கிட்டே கொண்டுபோகச் சொன்னது.

“முன்னாடி ஒரு சைசு, பின்னாடி ஒரு சைசா? அப்ப முன்னாடி உள்ளதப் பின்னாடி மாத்திப் போட முடியாதே.”

முடியாதுதான், ஆனால் அழகு பார் என்றேன். பனியில் எந்த டயர் என்று கேட்டது. எல்லாப் பருவத்துக்கும் ஒன்று போட்டுக்கொள்ளப் போகிறேன் என்றேன். அண்ணன் லாரிக்குப் பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.

“எனக்குக் காரப் பத்தித் தெரியாது, பூங்கொடி. நீ வழுக்கி வயல்ல எறங்குனது தெரியும்” என்றது.

நான் சேகரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் விலைப்பட்டியலைக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

“அன்னைக்கி நான் சொல்லலன்னு நீ ஒரு வாரம் என்கிட்ட பேசல. நான் ரெண்டு மாசமா, நீயே சொல்லுவன்னு பாத்துக்கிட்டு இருக்கேன்.”

அண்ணன் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குத் தாங்கவில்லை. விற்பனையாளர் பக்கத்தில் நிற்கிறார், ஸ்டெஃபானி நிற்கிறாள். மின்னுகிற சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். விலையைப் பார்த்து அழுகிறேன் என்று நினைத்துவிட்டார் போல. அந்த மனிதர் தள்ளுபடிக்கு வழி இருக்கிறதா பார்க்கிறேன் என்று மெதுவாகச் சேகரிடம் சொன்னார்.

“சொல்லியிருக்கணும்ண்ணே” என்றேன். “பயமா இருந்துச்சு. சொன்னா, ஊருக்கே வந்துருன்னு சொல்லிடுவியோன்னு.”

“அங்கதானே உன் வேல இருக்கு? ஏன் வரச் சொல்லப் போறேன்? நல்ல டயரு போட்டுக்கன்னுதான் சொல்லுவேன்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு மேசைக்கு வந்தேன். ஆர்டர் தாளில் கூரைக் கண்ணாடியை அடித்தேன். பத்தொன்பது அங்குலத்தையும் அடித்தேன். நான்கும் ஒரே அளவாகப் பதினெட்டு அங்குலம், கோடைக்கு ஒரு செட், குளிருக்கு அதே அளவில் இன்னொரு செட். ஹோட்டலில் ஒரு இடம். நீல நிறமும் சிவப்பு சீட் பெல்ட்டும் அப்படியே. சின்ன இன்ஜினே போதாதா என்று சேகர் மெல்ல ஆரம்பித்தார். ரகசியத்தைக் காப்பாற்றத் தெரியாதவர் இன்ஜின் விஷயத்தில் பேசக் கூடாது என்றேன். பெரிய இன்ஜினுக்கே கையெழுத்துப் போட்டேன்.

வண்டி அக்டோபரில் வந்தது, குளிர்கால டயரோடு. அதற்கு முந்தின வாரம் பதிவு அலுவலகத்துக்குப் போனோம். இங்கே நம்பர் பிளேட்டில் ஊரின் எழுத்துகளுக்குப் பிறகு வரும் எழுத்தையும் எண்ணையும் காலியாக இருந்தால் நாமே கேட்டு வாங்கலாம். எல்லோரும் தங்கள் பெயரின் முதலெழுத்தும் பிறந்த வருஷமும் போட்டுக்கொள்வார்கள். நான் எங்கள் பெரம்பலூரின் டி.என். 46 கேட்டேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அம்மா, உங்கள் அப்பாவின் பிறந்த வருஷமா என்று விசாரித்தார். இல்லை, என் மாவட்டம் என்றேன். எந்தப் பக்கம் என்றார். தெற்கே என்றேன். பவேரியாவா என்றார். இன்னும் கொஞ்சம் தெற்கே என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டு முத்திரை ஒட்டினார். படத்தை அனுப்பினால், அரியலூர் நம்பரான அறுபத்தொன்றை ஏன் போடவில்லை, என் லாரிக்கு ஜோடியாக இருந்திருக்குமே என்று அண்ணன் இரண்டு நாள் முறைத்துக்கொண்டது.

டிசம்பரில் முதல் கடுங்குளிர் விழுந்த காலை, அந்த ஆற்றுப் பாலத்து வளைவுக்கு வந்தேன். ரோடு அதே மாதிரி கறுப்பாக, ஈரம் போல மின்னியது. எனக்கு முன்னால் போன வண்டி லேசாக வாலை ஆட்டியது. வேகத்தைக் குறைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்பினேன். திருப்பிய பக்கம் வண்டி திரும்பியது. அவ்வளவுதான். மருத்துவமனை நிறுத்துமிடத்தில் இறங்கி, முன் டயரைத் தட்டிக்கொடுத்துவிட்டு, அண்ணனுக்கு உடனே போன் செய்து, ரோடு வழுக்கியது, வண்டி வழுக்கவில்லை என்று சொன்னேன். சரி, வேலைக்குப் போ என்றது.

ஜனவரியில் ஒரு ஞாயிறு மதியம், நெடுஞ்சாலை ஓரத்து ஓய்விடத்தில் நின்றிருந்தேன். சேகர் காபி வாங்கப் போயிருந்தார். பனி பெய்துகொண்டிருந்தது. தலையில் கம்பளித் தொப்பி, மூக்கு வரை சால்வை, சீட்டில் சூடு. கண்ணாடியை யாரோ தட்டினார்கள். இறக்கினேன். “யா, பிட்டெ?” என்று ஜெர்மன்தான் என் வாயிலிருந்து தானாக வந்தது. வெளியே என்னைப் போலவே போர்த்திக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். சற்றுத் தள்ளி அவர் மனைவி. அவர் தடுமாறி, ஜெர்மனில் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பி நடந்தார்.

“நம்பரப் பாத்து ஏமாந்துட்டேன். நம்ம ஊருக்காரங்க இல்ல போலருக்கு” என்று மனைவியிடம் சொல்வது காதில் விழுந்தது.

கதவைத் தள்ளினேன். சீட் பெல்ட் இழுத்தது. அவிழ்க்கத் தோன்றவில்லை. ஒரு கால் சூடான வண்டிக்குள்ளும் ஒரு கால் கணுக்கால் வரை பனிக்குள்ளுமாக, பாதி உடம்பை வெளியே நீட்டி, ஓய்விடத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி, “ஏங்க, நம்ம ஊருதாங்க, குன்னம்” என்று கத்தினேன்.